ஆபீஸ் சட்டையில் ஒரு குட்டி ஏலியன்: வீடியோ கேம் ரசிகர்களுக்குச் சத்தமில்லாத உடை, படிப்படியாக

கேம் ரசிகருக்கு உடை என்று தேடினால் நெஞ்சு முழுக்க லோகோ அடித்த கறுப்பு டி-ஷர்ட்தான் வந்து நிற்கிறது. சனிக்கிழமை அதைப் போடலாம். திங்கட்கிழமை வேலைக்குப் போடவும், கல்யாண வீட்டுக்குப் போடவும் வேறு வழி வேண்டும். பார்ப்பவருக்குச் சின்ன அலங்காரமாகவும், விளையாடியவருக்கு மட்டும் “அட!” என்றும் படவேண்டும்.

அதற்கு மலிவான, கைக்கு அடங்கிய வழி, ஏற்கெனவே இருக்கும் நல்ல சட்டையில் பழைய கேம் உருவம் ஒன்றைக் கிராஸ் ஸ்டிட்சில், அதாவது பெருக்கல் குறி வடிவத் தையலில், தைப்பது. பழைய கேம்களின் உருவங்கள் பிக்சல் என்னும் சதுரக் கட்டங்களால் ஆனவை. கிராஸ் ஸ்டிட்சும் அப்படித்தான். ஒரு பிக்சலுக்கு ஒரு தையல் போட்டால் போதும், படம் வரையத் தெரியவேண்டியதில்லை.

இதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் ஊசியில் தடுமாறுவதில்லை, வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். பிடித்த கேமிலிருந்து உருவத்தை எடுத்துவிட்டு, பிறகு அதற்கு இடம் தேடுவார்கள். அதனால் கீழே உள்ள படிகளை மாற்றிப் போடாமல் செய்யுங்கள்.

1. முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள்

இடம்தான் அளவைச் சொல்லும். எத்தனை தையல் கொள்ளும் என்பதை அளவு சொல்லும். எந்த உருவம் சாத்தியம் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

என் முதல் சிபாரிசு, பாக்கெட் இல்லாத சட்டையின் இடது மார்பு. பிராண்டு சட்டைகளில் முதலையோ குதிரையோ இருக்கும் இடம் அது. இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் அளவில் அங்கே எது இருந்தாலும் கண் அதைக் கம்பெனி முத்திரை என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். இதைவிட நல்ல மறைவிடம் சட்டையில் இல்லை. துணியும் அங்கே ஒற்றை அடுக்கு, ஊசி சுலபமாக இறங்கும்.

தைரியம் வரவில்லையென்றால் கடைசி பட்டனுக்குக் கீழே, சட்டையின் அடி ஓரத்தில் ஆரம்பியுங்கள். இன் பண்ணினால் மறைந்துவிடும்.

பாக்கெட் ஓரம் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. பாக்கெட் துணியோடு பின்னால் இருக்கும் சட்டைத் துணியையும் சேர்த்துத் தைத்துவிட்டால் பாக்கெட் மூடிக்கொள்ளும். டெய்லரிடம் கொடுத்துப் பாக்கெட்டை ஒரு பக்கம் பிரித்து வாங்கி, தைத்து முடித்ததும் மறுபடி மூடச் சொல்லுங்கள்.

முழுக்கையை ஒரே ஒரு மடிப்பு மடித்துவிடும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கஃப்பின் உள்பக்கம் அருமையான இடம். கையை இறக்கினால் ஒன்றும் தெரியாது, மடித்தால் வெளியே வரும். இங்கே பலர் உருவத்தைத் தலைகீழாகத் தைத்துவிடுகிறார்கள். மடித்ததும் மணிக்கட்டு ஓரம் மேலே போய்விடுவதால், உருவத்தின் தலை மணிக்கட்டு ஓரத்தைப் பார்த்து இருக்கவேண்டும். இரண்டு மடிப்பு மடிப்பவர்களுக்கு இந்த இடம் பயன்படாது, இரண்டாவது மடிப்பு உருவத்தை விழுங்கிவிடும். கஃப்பும் இரட்டைத் துணிதான் என்பதால் பாக்கெட்டுக்குச் சொன்ன பிரித்து மூடும் வேலை இதற்கும் உண்டு.

இடத்தைக் குறிக்கும்போது சட்டையை மேஜையில் விரிக்காதீர்கள். போட்டுக்கொண்டு, பட்டன்களை மாட்டி, கண்ணாடி முன் நின்று டெய்லர் சாக்கால் புள்ளி வையுங்கள். மேஜையில் சரியாகத் தெரிந்த இடம் உடம்பில் அக்குள் பக்கம் போய்விடும்.

2. கட்டக் கணக்கு

கிராஸ் ஸ்டிட்ச் துணிகளும், சட்டையின் மேல் வைத்துத் தைக்கும் கட்டக் கேன்வாஸும் எண்ணால் விற்கப்படுகின்றன. 14 என்றால் ஓர் அங்குலத்துக்கு 14 தையல். சட்டைக்கு இதுதான் சரியான அளவு. 11-இல் தையல் பெரிதாகி உருவம் முரடாகத் தெரியும். 18-இல் அழகாக வரும், ஆனால் பழகாத கண்ணுக்குச் சோதனை.

14-இல் 11 தையல் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். 8 தையல் உயரம் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 14 தையல் சரியாக ஓர் அங்குலம். மார்பு இடத்துக்கு 14-க்கு 14-தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் முத்திரை தோற்றம் போய் படம் ஆகிவிடும். பிறகு டி-ஷர்ட் வாங்கியிருக்கலாமே என்று தோன்றும்.

3. உருவத்தைத் தேர்ந்தெடுப்பது

கேமின் பெயர், லோகோ, கதாநாயகன் முகம் இந்த மூன்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். கேம் தெரியாதவரும் அடையாளம் காணும் விஷயங்கள் அவை. விளையாடியவர் மட்டும் திரையில் மணிக்கணக்காகப் பார்த்த சின்னப் பொருள்தான் வேண்டும். எதிரி, சாவி, அம்புக்குறி, பெட்டி என்று ஏதாவது ஒன்று.

அடுத்த சோதனை, நீங்கள் குறித்த இடத்துக்குள் அந்த உருவம் அதன் அசல் பிக்சல் எண்ணிக்கையிலேயே அடங்குகிறதா என்பது. பெரிய படத்தைச் சுருக்கி உள்ளே திணித்தால் கண், கால் எல்லாம் குழம்பிக் கறை மாதிரி நிற்கும்.

1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டின் நண்டு ஏலியன் 11-க்கு 8 கட்டம். 1980-இல் வந்த பேக்-மேனின் பேய்கள் 14-க்கு 14. மைன்கிராஃப்ட் கிரீப்பர் முகம் 8-க்கு 8-தான் என்றாலும் இன்று பள்ளிப் பிள்ளைகளின் பை, பென்சில் டப்பா எல்லாவற்றிலும் இருப்பதால் அதில் ரகசியம் மிச்சமில்லை.

இந்த வழிகாட்டிக்கு நண்டையே எடுத்துக்கொள்வோம். கட்டம் இதோ:

□□■□□□□□■□□
□□□■□□□■□□□
□□■■■■■■■□□
□■■□■■■□■■□
■■■■■■■■■■■
■□■■■■■■■□■
■□■□□□□□■□■
□□□■■□■■□□□

மொத்தம் 46 தையல். இடமும் வலமும் ஒரே மாதிரி இருப்பதால் தப்பு நடந்தால் உடனே தெரிந்துவிடும். ஆரம்பிப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

முப்பரிமாண கேம்களின் ரசிகர்கள் இந்த முறையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவற்றிலிருந்து கோட்டுச் சின்னம் ஒன்றை எடுத்துக் காம்புத் தையலில் (கோடுகளுக்கான ஸ்டெம் ஸ்டிட்ச்) போடலாம். 1998-இல் வந்த ஹாஃப்-லைஃப் கேமின் லாம்டா (λ) என்ற கிரேக்க எழுத்து நல்ல உதாரணம். தெரியாதவர் உங்களைக் கணக்கு வாத்தியார் என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு விஷயம்: உங்கள் சட்டையில் நீங்களே தைத்துப் போட்டுக்கொள்வது வேறு. இந்த உருவங்கள் கம்பெனிகளின் சொத்து. நாலு பேருக்குத் தைத்து விற்பதானால் அவர்களிடம் உரிமம் வாங்கவேண்டும்.

4. நிறம்: துணியைவிட இரண்டு படி அடர்த்தி

சத்தத்தைக் குறைப்பது அளவைவிட நிறம்தான். துணியின் நிறத்திலேயே ஒன்றிரண்டு படி அடர்ந்த நூலை எடுங்கள். வான நீலத்தில் நடுத்தர நீலம், வெள்ளையில் வெளிர் சாம்பல், பழுப்பில் காப்பிக் கொட்டை நிறம். இரண்டடி தூரத்தில் உருவம் தெரியவேண்டும், பத்தடி தூரத்தில் துணியோடு கலந்துவிட வேண்டும்.

கடைக்குச் சட்டையை எடுத்துப் போய், நூலை அதன் மேல் வைத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நீலங்கள் வெயிலில் சண்டை போடும்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்கு எந்த நிறமும் பொருந்தும். அசல் எந்திரத்தின் திரை கறுப்பு வெள்ளைதான், அதன் மேல் நிறத் தாள் பட்டைகளை ஒட்டி வண்ணம் காட்டினார்கள். அதனால் ஏலியனுக்குச் சொந்த நிறம் என்று ஒன்று கிடையாது. பேக்-மேன் பேய்கள் அப்படியல்ல. சிவப்பு பிளிங்கி, இளஞ்சிவப்பு பிங்கி, வெளிர் நீல இங்கி, ஆரஞ்சு கிளைட் என்று நிறத்தால்தான் ஆள் தெரியும். சாம்பலில் தைத்தால் நான்கும் ஒன்றுதான். பேய்தான் வேண்டுமென்றால் வெளிர் நீலச் சட்டையில் இங்கியைப் போடுங்கள்.

5. சாமான்களும் துணியும்

பருத்தி அல்லது லினன் சட்டை. பாப்ளின், ஆக்ஸ்ஃபோர்டு, லினன் மூன்றும் நன்றாக வரும். பளபளக்கும் பாலியெஸ்டரில் ஊசித் துளை அப்படியே நிற்கும். பனியன் துணி இழுபடும் என்பதால் முதல் வேலைக்கு வேண்டாம்.

ஆறு இழை எம்பிராய்டரி நூல் ஒரு கட்டு. ஃபேன்சி ஸ்டோரில் ஆங்கர் பிராண்டு நூலே கிடைக்கும். 46 தையலுக்கு ஒரு கட்டில் மிச்சம்தான் அதிகம்.

14 எண் வேஸ்ட் கேன்வாஸ். துணியின் மேல் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு இழை இழையாக உருவி எடுத்துவிடும் கட்டத் துணி இது. கடையில் இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்கலாம். தண்ணீரில் கரையும் வகையும் இருக்கிறது. வேலை சுலபம், ஆனால் வியர்க்கும் கையோடு தைத்தால் பிசுபிசுக்க ஆரம்பிக்கும். நம் ஊர் மே மாதத்தில் நான் அதைத் தொடுவதில்லை.

ஊசி கூர்முனையுள்ள எம்பிராய்டரி ஊசியாக இருக்கவேண்டும். கிராஸ் ஸ்டிட்ச் ஊசி என்று கேட்டால் மழுங்கிய முனை ஊசியைக் கொடுப்பார்கள். அது ஓட்டைத் துணிக்கானது, சட்டைத் துணியைத் துளைக்காது. பாதிப் பேர் இங்கேதான் “என்னால் முடியாது” என்று வேலையை ஓரம் வைக்கிறார்கள். கையில் கோளாறு இல்லை, ஊசியை மாற்றினால் சரியாகிவிடும்.

இவற்றோடு துணியை விறைப்பாகப் பிடிக்கும் 4 அங்குல எம்பிராய்டரி வளையம், சின்னக் கத்தரிக்கோல், இழை பிடுங்க டுவீசர், பின்னால் ஒட்ட மெல்லிய ஃபியூசிங் துணி (இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்வது). டெய்லர் கடையில் வெட்டுத் துண்டாகக் கேட்டாலே கொடுப்பார்கள்.

6. தைப்பதற்கு முன்: சலவையும் சாயமும்

புதுச் சட்டையானால் ஒருமுறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டபிறகே தொடுங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும், தையல் சுருங்காது. வரிசையை மாற்றினால் ஏலியனைச் சுற்றித் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதை எந்த இஸ்திரிப் பெட்டியாலும் எடுக்கமுடியாது.

நூலையும் சோதியுங்கள். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்தால் சாயம் விடுமா என்று தெரிந்துவிடும். சிவப்பையும் கறுப்பையும் கட்டாயம் பாருங்கள்.

7. கேன்வாஸைப் பொருத்துவது

உருவத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாகக் கேன்வாஸை வெட்டுங்கள். சின்னதாக வெட்டினால் உருவும்போது இழையைப் பிடிக்க நுனி கிடைக்காது.

கேன்வாஸில் ஓடும் நீலக் கோட்டைச் சட்டையின் பட்டன் பட்டிக்கு இணையாக வையுங்கள். கண் மதிப்பு போதாது. பட்டியிலிருந்து மேலேயும் கீழேயும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் ஏலியன் மயங்கி விழுவதுபோல் இருக்கும்.

பிறகு நான்கு ஓரமும், நடுவில் குறுக்கும் நெடுக்குமாகவும் சாதா நூலால் ஓட்டுத் தையல் போடுங்கள். குண்டூசி மட்டும் குத்தி வேலையை ஆரம்பிப்பவர்களுக்குப் பாதியில் கட்டம் நகரும். வளையத்தில் பூட்டும்போது துணி விறைப்பாக இருக்கட்டும், ஆனால் இழுத்துக் கோணலாக்க வேண்டாம்.

8. தைப்பது

நூலை முழங்கை நீளத்துக்கு, சுமார் 45 சென்டிமீட்டர், வெட்டிக்கொள்ளுங்கள். ஆறு இழையில் இரண்டை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துச் சேர்த்து ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். ஆறையும் அப்படியே கோத்துத் தைத்தால் ஏலியன் கம்பளிப் பூச்சி ஆகிவிடும்.

நடுவிலிருந்து தொடங்குங்கள். 11 அகலத்தில் ஆறாவது கட்டம் நடு. 8 உயரத்தில் நடுக்கட்டம் இல்லை, நான்காம் வரிசைக்கும் ஐந்தாம் வரிசைக்கும் இடையில்தான் மையம். அதை டெய்லர் சாக்கால் வைத்த புள்ளியின்மேல் வைத்து, முழுக்க நிறைந்திருக்கும் ஐந்தாம் வரிசையை முதலில் முடியுங்கள். அந்த 11 தையல் போட்டுவிட்டால் மற்றவை அதைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம். மேல் மூலையில் கொம்பிலிருந்து தொடங்குபவர்கள் நாலாவது வரிசைக்குள் எண்ணிக்கை தவறுகிறார்கள்.

ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகப் பாதிக் குறுக்குகளை எல்லாம் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது மறுபாதியைப் போடுங்கள். மேலே வரும் கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாயவேண்டும். நூலில் வெளிச்சம் படும் திசை மாறினால், நிறம் ஒன்றாகவே இருந்தாலும் அந்த ஒரு தையல் தனியாகப் பளிச்சிடும். துணியின் நிறத்திலேயே தைக்கும் வேலையில் இது இரட்டிப்பாகத் தெரியும்.

ஊசி கேன்வாஸின் துளைக்குள் இறங்கவேண்டும், கேன்வாஸ் இழையைக் குத்திப் போகக்கூடாது. குத்தினால் உருவும்போது அந்த இழை உங்கள் தையலையும் இழுத்துக்கொண்டு வரும்.

முடிச்சுப் போடாதீர்கள். முதல் நூலின் வாலைப் பின்பக்கம் விட்டு, அடுத்த நாலைந்து தையலின் கீழ் சிக்கவையுங்கள். முடிக்கும்போதும் அப்படியே நுழைத்து வெட்டுங்கள். முடிச்சு நெஞ்சில் உறுத்தும், இஸ்திரி போட்டால் முன்பக்கம் மேடாகத் தெரியும்.

ஏழாம் வரிசையில் கால்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒரு ஓரக் காலிலிருந்து மறு ஓரக் காலுக்குப் பின்பக்கமாக நூலை நீட்டித் தாவவேண்டாம். மூன்று கட்டத்துக்கு மேல் தாவினால் வெள்ளைத் துணியில் அந்த நூல் நிழலாகத் தெரியும். ஒரு பக்கக் காலை முடித்து, நூலை உடம்புத் தையல்களின் அடியில் நுழைத்து மறுபக்கம் கொண்டுபோங்கள்.

9. கேன்வாஸை உருவுவது

ஓட்டுத் தையலைப் பிரியுங்கள். வளையத்தைக் கழற்றி, ஓரத்தை உருவத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஈரத் துணியால் ஒற்றி இரண்டு நிமிடம் விட்டால் கேன்வாஸின் கஞ்சி இளகும். ஊறவைக்க வேண்டியதில்லை, அதிக ஈரத்தில் பசை துணியில் ஏறும்.

ஒரு நேரத்தில் ஓர் இழை. டுவீசரால் நுனியைப் பிடித்துத் துணியோடு ஒட்டியபடி பக்கவாட்டில் இழுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் தையல் கிளம்பும். முதலில் ஒரு திசை இழைகள் முழுவதும், பிறகு மறு திசை. அவசரத்தில் இரண்டு மூன்றாகப் பிடுங்குபவர்கள்தான் இந்தக் கடைசிக் கட்டத்தில் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

10. உள்பக்கமும் சலவையும்

பின்பக்கம் ஃபியூசிங் துணியை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். சதுரமாக வெட்டினால் மூலை கிளம்பும். நூல் வால்கள் அடங்கும், தோலும் அரிக்காது. மெல்லிய வெள்ளைத் துணியானால் வட்டத்தின் விளிம்பு வெளியே தெரிகிறதா என்று மிச்சத் துண்டில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள்.

இஸ்திரி போடும்போது சட்டையை உள்ளே வெளியே திருப்பி, உருவம் மடித்த துவாலையில் பதியும்படி வைத்துப் பின்னாலிருந்து அழுத்துங்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்குக் கொடுப்பதானால் இதைச் சொல்லிக் கொடுங்கள், அவரது பெட்டியின் கனம் தையலைத் தட்டையாக்கிவிடும். துவைப்பது குளிர்ந்த நீரில், உள்பக்கம் வெளியே திருப்பி. பிளீச்சிங் கூடவே கூடாது.

11. ஊசி வேலை ஆகாதவர்களுக்குப் பட்டன் வழி

பட்டன் தைக்கத் தெரிந்தால் போதும். வெள்ளைச் சட்டையில் மேலிருந்து நான்கு பட்டன்களைப் பிரித்து, பச்சை, சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு நூலால் திரும்பத் தையுங்கள். 1994-இல் வந்த பிளேஸ்டேஷனின் முக்கோணம், வட்டம், குறுக்கு, சதுரம் ஆகிய பொத்தான்களின் நிறங்கள் அவை. நான்கு துளைப் பட்டனில் நூலைக் குறுக்காகவும் சதுரமாகவும் போடமுடியும், மூன்று துளையை மட்டும் இணைத்தால் முக்கோணமும் கிடைக்கும். வட்டம் மட்டும் வராது, அதற்கு நிறமே போதும்.

இன்னும் அடக்கமாக வேண்டுமென்றால், வெளிர் சாம்பல் சட்டையில் சாம்பல் பட்டன்களுக்கு நடுவே இரண்டை மட்டும் அடர் மெரூன் நிறத்தில் மாற்றுங்கள். சாம்பல் உடலில் இரண்டு மெரூன் பொத்தான் வைத்த 1989-ஆம் ஆண்டு கேம் பாய் கருவியைக் கையில் பிடித்தவருக்கு அது போதும்.

12. மற்றச் சாமான்கள்

ஓர் உடையில் ஒரு குறிப்பு மட்டும். சட்டையில் ஏலியன் இருக்கும் நாளில் கேம் சாக்ஸ் வேண்டாம். உலோக பின்களைச் சட்டையில் குத்தாமல் பை வாரில் குத்துங்கள். கைக்குட்டை மூலை பழகுவதற்கு நல்ல இடம்.

ரவிக்கைக் கை ஓரத்துக்கு டெட்ரிஸ் கேமில் மேலிருந்து விழும் நான்கு கட்டத் துண்டுகள் அருமையான பார்டர் ஆகும். நான்கு வரிசை உயரம் 14-இல் ஏழு மில்லிமீட்டர்தான். ஆனால் ஏழு துண்டுகளையும் ஒவ்வொன்று வைத்து இடைவெளியில்லாத செவ்வகமாக அடுக்க முயலாதீர்கள், அது நடக்காது. சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளையாக எண்ணினால் மற்ற ஆறு துண்டுகளும் இரண்டுக்கு இரண்டு மூடும், டி வடிவத் துண்டு மட்டும் மூன்றுக்கு ஒன்று. 28 கட்டத்தில் 15-க்கு 13 வந்து நிற்கும், செவ்வகத்துக்கு 14-க்கு 14 வேண்டும். இடையிடையே வெற்றிடம் விடுங்கள். விளையாட்டிலும் அப்படித்தானே விழுகிறது.

அடுத்த வேலைக்குப் பட்டன் பட்டியின் உள்பக்கத்தில் ‘கொனாமி கோட்’ என்ற ரகசியப் பொத்தான் வரிசையைப் போடலாம். 1986-இல் கிரேடியஸ் கேமின் வீட்டுக் கன்சோல் பதிப்பில் முதலில் வந்த அந்த மேல்-மேல்-கீழ்-கீழ் வரிசையில் மொத்தம் 10 குறிகள். குறிக்கு 5 கட்டம் உயரம், இடையில் ஒரு கட்டம் என்றால் 59 தையல், கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர்.

13. பிரிக்க நேர்ந்தால்

பின்பக்க ஃபியூசிங்கை இஸ்திரிச் சூடு காட்டி மெதுவாக உரியுங்கள். தையலைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, நூல் துண்டுகளை முன்னாலிருந்து டுவீசரால் எடுங்கள். முன்பக்கம் வெட்டினால் கத்தரி துணியில் படும். துளைகள் தெரிந்தால் நீர் தெளித்து, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் லேசாக வருடி, துவைத்து இஸ்திரி போடுங்கள். பருத்தியில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். பல வருடம் வெளுத்த சட்டையானால் அந்த இடம் மட்டும் அடர்ந்து தெரியும், அதன்மேல் அதே அளவில் வேறு உருவம் தைப்பதுதான் வழி.